பியானோவில் ஆகச் சிறந்தது எது?

கேள்வி: தனிப் பியானோ படைப்புகளில் ஆகச் சிறந்தது எது? நான் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்கிறேன், நண்பன் லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா என்கிறான்.

பதில்: கறாராகப் பார்த்தால் உங்கள் கட்சி தோற்றுவிடும், ஏனென்றால் 1741-இல் வெளியான கோல்ட்பெர்க், பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது (அதற்காக யாரும் அதைப் பியானோவில் வாசிக்காமல் விடவில்லை, அது வேறு). லிஸ்ட் சுமார் அரைமணி நேரத்தை இடைவெளியே இல்லாமல் கட்டியிழுக்கிறார், துணிச்சல்தான், ஆனால் வித்தை காட்டும் ஆசை அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. என் ஓட்டு பீத்தோவனின் கடைசிப் பியானோ சொனாட்டாவுக்கு, ஓபஸ் (படைப்பு எண்) 111. 1822-இல், காது கேட்காத நிலையில் எழுதியது. இரண்டே பகுதிகள், முதலாவது ஒரே கொந்தளிப்பு, இரண்டாவதில் ஓர் எளிய மெட்டு மாறிக்கொண்டே போய் நடுவில் ஜாஸ் மாதிரி துள்ளுகிறது, அந்த இடத்தை மட்டும் நண்பனுக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம், இருவருமே ஷூபர்ட்டை மறந்துவிட்டீர்களே, சரியா இது?