மூச்சுத் திணறலோடு வரும் பயம்: தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறார். சில மாதங்களாக நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, மூச்சு நின்றுவிடும் என்று பதறுகிறார்; பகலில் யாரோடும் பேசுவதில்லை. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் ஆல்பிரசோலம் மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறார் ஓர் உறவினர். வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரம் வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் நீங்களாக வாங்காதீர்கள். இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகியிருப்பதால், உள்ளே போன காற்று வெளியேறக் கூடுதல் நேரம் பிடிக்கும். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது, பழைய காற்று வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே போய் நெஞ்சு இறுகுகிறது, அந்த இறுக்கம் பயத்தை மேலும் கூட்டுகிறது. ஆகவே உங்கள் தந்தையின் பதற்றம் கற்பனையும் அன்று, பிடிவாதமும் அன்று.

ஆல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் மூச்சின் உந்துதலையே மந்தமாக்கக்கூடியவை. நோய் முற்றியவர்களுக்கு இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உண்டு. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை எடுத்து நீட்டும் கடைக்காரரை நம்பாதீர்கள். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்கள் தந்தை ஏற்கெனவே பல வாரங்களாக அதைச் சாப்பிட்டு வருகிறார் என்றால், இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கடுமையாகும், வலிப்புகூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆக்ஸிஜன் இயந்திரத்தை விற்கவும் வாடகைக்கு விடவும் தேடி வரும் முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓய்வாக இருக்கும்போதே இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருப்பது பரிசோதனையில் உறுதியானால்தான் பொதுவாக அது தேவைப்படும். பயத்துக்கு அது மருந்தாகாது. அளவுக்கு மீறிய ஆக்ஸிஜன் இந்த நோயாளிகளில் சிலருக்குத் தீங்கே செய்யும்.

முதலில் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் புதிதாகத் தொடங்கும் திணறலுக்கு இதயக் கோளாறு காரணமாகலாம். ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து அதிகமானால் படபடப்பும் கை நடுக்கமும் வரும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தாரா, மனம் சோர்ந்திருந்தாரா என்ற இரண்டு கேள்விகளை மருத்துவரே கேட்டிருக்க வேண்டும். நுரையீரல் பிரிவு மனநலப் பிரிவுக்கு அனுப்புவதும், அங்கிருந்து "முதலில் மூச்சைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதும் இன்றும் தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவர்கள் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் பரிந்துரை கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் முறையாகச் செய்தால் மூச்சிரைப்போடு பதற்றமும் மனச்சோர்வும் குறையும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கைவிட வேண்டாம்.

பதற்றம் வரும்போது, முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்காரச் செய்யுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விடட்டும். முகத்தில் சிறு விசிறிக் காற்றுப் படுவதும் திணறலைத் தணிக்கும். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூக்கத்தில் ஆழ்ந்தாலோ, அதைப் பயம் என்று எண்ணிக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.