நூலகராக வேலை பார்ப்பவருக்குப் புத்தகம் படிக்க நேரம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. பட்டியல் போடுவது, அடுக்குவது, வருகிறவர்களுக்குத் தேடிக் கொடுப்பது என்றே நாள் ஓடிவிடும். விதிவிலக்கு என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ்.

1930களின் இறுதியில் புவெனஸ் அயர்ஸ் நகராட்சி நூலகத்தின் கிளை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. வந்ததும் மளமளவென்று பட்டியல் போட்டுத் தள்ள, இந்த வேகத்தில் போனால் மற்றவர்கள் பிழைப்பு என்னாவது என்று சக ஊழியர்களே தடுத்துவிட்டார்கள். சரி என்று, ஒரு மணி நேரத்தில் அன்றைய வேலையை முடித்துவிட்டு நிலவறைக்குப் போய்ப் படிப்பார், எழுதுவார். டிராமில் போகவர இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியம் படிப்பார். அங்கே ஒரு ஊழியர் கலைக்களஞ்சியத்தில் போர்ஹெஸ் என்ற பெயரைக் கண்டு, இவருடைய பெயரும் பிறந்த தேதியும் அப்படியே ஒத்துப்போகிறதே என்று வியந்தாராம்! பக்கத்து நாற்காலிக்காரரே அவர் என்று தோன்றவில்லை.

இந்தப் படிக்கும் பழக்கம் அவருக்கு அப்பாவின் நூலகத்தில் தொடங்கியது. எழுத்தாளர் ஸ்டீவன்சனின் கதைகள், ஆயிரத்தொரு இரவுகள், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் எல்லாம் கடைசிவரை அவருடைய செல்லங்கள்.

1955இல் தேசிய நூலகத்துக்கே இயக்குநரானார். அதற்குள் படிக்கும் அளவுக்குப் பார்வை இல்லை. கொடுமைதான், அதைப் பற்றிக் கவிதையே எழுதியிருக்கிறார். ஆனாலும் படிப்பை விடவில்லை. அம்மா வாசித்துக் காட்டினார். 1960களில் புத்தகக் கடையில் வேலை பார்த்த அல்பெர்த்தோ மங்குவெல் என்ற பதின்வயதுப் பையனும் வீட்டுக்கு வந்து வாசித்தார். அந்தப் பையன் பிற்காலத்தில் அதே தேசிய நூலகத்துக்கு இயக்குநரானார்.