எல்லாம் தெரிந்த கடவுளிடம் கிறிஸ்தவர்கள் ஏன் ஜெபிக்கிறார்கள்?

கேள்வியோடு இன்னொரு வரியும் கேட்டிருக்கிறீர்கள்: "அவருக்குத் தெரியாத எதை நீங்கள் புதிதாகச் சொல்லிவிடப் போகிறீர்கள்?" இதையே பத்து வயதில் எங்கள் ஆச்சியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், அப்புறம் ஆச்சி முழங்கால் போட்டால் சோறு ஆறிப்போகும். பம்பாய்ச் சித்தப்பாவுக்காக ஜெபிக்கும்போது அவர் எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறார் என்பது வரைக்கும் சொல்லுவாள். "ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா ஆச்சி?" என்றேன். மண்டையில் ஒரு கொட்டு. பிறகு சொன்னாள்: "ஏலே, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன நடந்துச்சுன்னு ஒன்கிட்ட கேக்கேன்லா? தெரியாமலா கேக்கேன்? ஒங்க சாரு எதுத்த வீட்டுலதான இருக்காரு. நீ சொல்லணும்லா."

பத்து வயசுக்கு அது போதும். நாற்பதைத் தாண்டியவனுக்குப் போதவில்லை.

முதலில், இது கிறிஸ்தவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை இல்லை. பைபிளில், மத்தேயு 6:8ல் இயேசுவே சொல்கிறார்: "நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்." அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றல்லவா அடுத்த வரி வரவேண்டும்? வருவது, "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று தொடங்கும் பரமண்டல ஜெபம். அவருக்கு முன்பே தெரியும் என்பதிலிருந்து இயேசு எடுக்கும் முடிவு, ஜெபிக்க வேண்டாம் என்பதல்ல; நீட்டி முழக்க வேண்டாம் என்பதுதான். அதற்கு முந்தின வசனத்தில் "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்றே இருக்கிறது. (எங்கள் சபையில் சிலர் ஜெபத்திலேயே போன கமிட்டி மீட்டிங்கின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார்கள். அது ஆண்டவருக்கு அல்ல, மூன்றாவது பெஞ்சில் இருப்பவருக்கு.)

தகவல் சொல்வது ஜெபம் இல்லை என்றால் வேறென்ன? பைபிளில் எரிகோ ஊர் வழியோரம் பர்திமேயு என்று ஒருவன் உட்கார்ந்து, இயேசு போகிறார் என்று கேட்டுக் கத்துகிறான். குருடன் என்பது பார்த்த எவருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு கேட்கிறார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" அவன் பிச்சைக்காரன், அன்றைய பாட்டுக்குக் காசு கேட்டிருக்கலாம். பார்வை வேண்டும் என்கிறான். அவனுக்கு எதில் ஆசை என்பது அவன் வாயிலிருந்தே வரவேண்டியிருந்தது.

"எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டதே, நீ கேட்டால் மாறிவிடுமா?" என்பது இதன் இரட்டைப் பிள்ளை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் இதற்குச் சொன்ன பதில், கடவுளின் ஏற்பாட்டை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகக் கிடைக்கும் என்று அவர் ஏற்பாடு செய்ததைப் பெறவே ஜெபிக்கிறோம் என்பது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பிசான நெல் பருவத்தில் எத்தனை கோட்டை (எங்கள் பக்கத்து நெல் அளவு) காணும் என்று அவருக்குத் தெரியும். அதற்காக யாரும் நாற்று நடாமல் இருப்பதில்லை. அந்த நடவும் அவருக்குத் தெரிந்ததில் சேர்த்திதான்.

தர்க்கம் இத்தோடு சரியாகிவிடும். மனசு ஆவதில்லை. சாகக்கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், ஆயுசில் 15 வருஷம் கூடியது. அப்போஸ்தலர் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக (என்னவென்று அவர் சொல்லாத ஒரு உபாதை) மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. இரண்டும் ஒரே வேதப்புத்தகத்தில்தான் இருக்கிறது. அவனுக்கு ஏன், இவருக்கு ஏன் இல்லை என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும்படி எந்தப் பாதிரியாரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

அப்பா 17 நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். முதல் வாரம் நான் ஜெபித்தது, "எழுப்பிக் கொடும்" என்று. இரண்டாவது வாரத்தில் அது எப்போது "வலி இல்லாமல் வையும்" என்று மாறியது என்பது எனக்கே தெரியவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் பிஷப் அகுஸ்தீன் இதைத்தான் சொல்கிறார்: நம் விருப்பத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் கடவுள் கேட்கச் சொல்லவில்லை, அவர் தரப்போவது பெரிது, அதை வாங்கிக்கொள்ள நம் ஆசை பழக வேண்டும், அதற்காக. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்று, வரப்போகும் பாடு விலகும்படி முதலில் கேட்டுவிட்டுத்தான் "ஆகிலும் உம்முடைய சித்தத்தின்படியே" என்கிறார். எடுத்த எடுப்பிலேயே "உம் சித்தம் ஆண்டவரே" என்று முடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். கேட்டு ஏமாறப் பயந்து கேட்காமலே விடுகிறார்கள்.

அந்த நாட்களில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்னிடம் வாங்கிய இரண்டு லட்சம், மூன்று வருஷமாக வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் அண்ணன், இந்தக் கோடியில் நான். ஒரு ராத்திரி சொந்தமாக ஒரு வார்த்தையும் வராமல் பரமண்டல ஜெபத்தையே முணுமுணுத்தேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சின்ன வயசிலிருந்து தினமும் சொல்லி வந்த வரி. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கிக் குடித்தது.

அந்த ராத்திரியிலிருந்து நாலாவது நாள் அப்பா காலமானார். இப்போது அண்ணனும் நானும் பேசுகிறோம். பணம் இன்னும் வரவில்லை. அதையும் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன், தொகையோடு.