காபியில் திரியும் பாதாம் பால்: வாசகர் கேள்வி பதில்

பசும்பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. பாதாம் பாலுக்கு மாறலாம் என்று கடையில் வாங்கிக் குடித்தேன், அதே தொல்லை. வீட்டில் எடுப்பது எப்படி? – வாசகி, திருநெல்வேலி

கடையில் சூடாகவும் பாட்டிலில் குளிரவைத்தும் விற்கும் அந்த மஞ்சள் நிறப் பாதாம் பால், பெரும்பாலும் மாட்டுப்பாலில் சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் பாதாம் சேர்த்துக் காய்ச்சியதுதான். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை என்றால், அது அதிலும் அப்படியே இருக்கும். டப்பாவில் வரும் பாதாம் மிக்ஸில் பெரும்பங்கு சர்க்கரை. சிலவற்றில் பால் பவுடரும் உண்டு. வாங்கும்முன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் எடுக்க 100 கிராம் பாதாம் போதும், ஏறக்குறைய 80 பருப்பு வரும். விலை கூடிய மம்ரா வேண்டாம், சாதாரண கலிபோர்னியா பாதாமே நல்ல பால் தரும். ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் அந்தப் பாக்கெட்டே உதவாது. பாலில் அந்த வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும்.

8 முதல் 10 மணி நேரம் ஊறவேண்டும். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜுக்குள் ஊறவையுங்கள். வெளியில் வைத்தால் விடிவதற்குள் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பருப்பை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். தோலோடு அரைத்தாலும் தப்பில்லை, நிறம் மங்கி லேசாகத் துவர்க்கும், அவ்வளவுதான்.

குடிப்பதற்கு என்றால் மொத்தம் 800 மில்லி தண்ணீர், காபி டீக்கு என்றால் 500 மில்லி. பால் பச்சையாகவே இருக்கப்போவதால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு. தண்ணீர் அதிகமானால் பருப்பு பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கொரகொரப்பாக அரைபடும், சத்தெல்லாம் சக்கையிலேயே தங்கும். முதலில் 100 மில்லி மட்டும் விட்டு சந்தனம்போல மைய அரையுங்கள். பிறகு மீதியில் பெரும்பகுதியை ஊற்றி ஒரு சுற்று. தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். மசாலா அரைக்கும் ஜாரைத் தொடாதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் பூண்டு வாடை ஒளிந்திருக்கும்.

டீ வடிகட்டியில் வடித்தால் பொடி இறங்கும். மெல்லிய பருத்தித் துணியில் கட்டிப் பிழியுங்கள். எடுத்துவைத்த கொஞ்சம் தண்ணீரைச் சக்கையில் விட்டு, தேங்காய்க்குச் செய்வதுபோல இரண்டாம் பாலையும் பிழிந்து முதல் பாலோடு சேருங்கள். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் சுவை எழும்பும்.

ஃபில்டர் காபியில் ஊற்றியதும் திரிதிரியாகப் பிரிகிறது. கெட்டுப்போன பாலா? – வாசகர், கும்பகோணம்

இல்லை. டிகாஷனில் அமிலம் உண்டு. அமிலமும் சூடும் ஒருசேரத் தாக்கும்போது பாதாமின் புரதம் ஒட்டிக்கொண்டு திரளுகிறது. பசும்பாலின் புரதம் இந்த அளவு அமிலத்தைத் தாங்கிவிடும். கடையில் விற்கும் பாதாம் பானங்களில் இதற்கென்றே அமிலத்தைக் கட்டுப்படுத்தும் உப்பும் பிசினும் சேர்க்கிறார்கள்.

பாலைத் தனியாகச் சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஆவி வந்ததும் இறக்குங்கள், பொங்கவிட வேண்டாம். கொதித்தால் கஞ்சிபோலக் கெட்டியாகும். கொதிக்கும் சூட்டிலுள்ள டிகாஷனை சில நிமிடம் ஆறவிட்டு, அதைப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். டிகாஷனில் ஃபிரிட்ஜ் பாலைக் கொட்டினால் கட்டாயம் திரியும். நன்றாகக் கருக வறுத்த பொடியில் அமிலம் குறைவு. அப்படியும் திரிந்தால் டிகாஷனில் ஆப்பசோடா, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மட்டும். கூடினால் சோப்பு ருசி வந்துவிடும்.

மூன்றாம் நாள் பாலைக் காபிக்கு எடுக்காதீர்கள். நாக்குக்குத் தெரியும்முன்பே அது புளிக்கத் தொடங்கியிருக்கும். டீயில் அமிலம் குறைவு, அதனால் இந்தத் தலைவலியும் குறைவு.

எட்டு மாதக் குழந்தைக்குப் பசும்பாலுக்குப் பதில் கொடுக்கலாமா? – வாசகி, ஈரோடு

கூடாது. ஒரு வயது வரை தாய்ப்பால், இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் ஃபார்முலா; பசும்பாலும்கூட முதன்மைப் பாலாக அந்த வயதில் வேண்டாம். பெரிய பிள்ளைகள் விஷயத்திலும் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பாதாமில் சுமார் 260 மில்லிகிராம் கால்சியம், 21 கிராம் புரதம். முழுவதும் 800 மில்லி பாலில் இறங்கினால்கூட 200 மில்லி தம்ளருக்கு 65 மில்லிகிராம் கால்சியம், 5 கிராம் புரதம்தான் தேறும். சக்கையில் தங்குவதைக் கழித்தால் இன்னும் குறையும். அதே அளவு பசும்பாலில் கால்சியம் 240 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். வீட்டில் எடுக்கும் பாலில் யாரும் கால்சியம் சேர்ப்பதில்லை என்பதால் கேழ்வரகு, எள், கீரை வேறு வழியாகத் தட்டுக்கு வரவேண்டும். லாக்டோஸ் மட்டும்தான் சிக்கல் என்றால் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். அவற்றையும் சேர்த்து விலக்குவது வீண். கொட்டைப் பருப்பு அலர்ஜி உள்ளவர்கள் பாதாம் பால் பக்கமே போகக்கூடாது.

அடியில் தண்ணீர், மேலே கெட்டியாக நிற்கிறது. எத்தனை நாள் வைக்கலாம்? – வாசகர், சேலம்

பிரிவது இயல்பு, குலுக்கினால் சேரும். கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் 3 நாள். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். குலுக்கியும் சேராமல் வழுவழுப்பாக இழுத்தாலோ புளிப்பு வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். பேரீச்சம்பழம் சேர்த்தது இன்னும் சீக்கிரம் கெடும். இனிப்பைக் குடிக்கும்போது சேருங்கள்.

உறை ஊற்றினால் தயிராகுமா? – வாசகி, காரைக்குடி

புளிக்கும், கெட்டித் தயிராக உறையாது. உறைவதற்கான பால் புரதம் அதில் இல்லை. தயிர் வேண்டுமானால் சோயா பாலை முயலுங்கள்.

சக்கையைத் தூக்கிப்போட மனமில்லை. – வாசகி, சென்னை

போடாதீர்கள். ஈரத்தோடு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அடை மாவில் ஒரு கைப்பிடி கலக்கலாம், தேங்காய்ச் சட்னியில் பாதித் தேங்காய்க்குப் பதில் அரைக்கலாம், சப்பாத்தி மாவிலும் சேரும். பொடியாக்க வேண்டுமென்றால் அடிகனமான வாணலியில் மிகச் சிறு தீயில் ஈரம் போகும்வரை கிளறி, ஆறியபின் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அதில் இன்னும் எண்ணெய் இருக்கிறது; வெளியில் வைத்தால் சிக்கு வாடை பிடித்துவிடும்.