கொல்லையில் ஐஸ் தளம்: 5 டன் சில்லர் போதுமா?

கேள்வி: எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடை பக்கம். பின்னால் 20-க்கு 40 அடி இடம் சும்மா கிடக்கிறது. போன டிசம்பரில் கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா கொல்லையிலேயே ஐஸ் ஸ்கேட்டிங் தளம் போட்டிருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து ஒன்பது வயது மகளுக்கு அதே பேச்சு. ஒரு ஏஜென்ட், 5 டன் சில்லர் (குளிர வைக்கும் மெஷின்), பைப் விரிப்பு, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து ஆறரை லட்சத்தில் போட்டுத் தருகிறேன் என்கிறார். பாதி அட்வான்ஸ் கேட்கிறார். 5 டன் போதுமா? எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதில் ஐஸ் கட்டுமா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீரிலும் ஐஸ் கட்டும், கலங்கலாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கவலை உங்களுக்கு வரப்போவதில்லை. விஷயம் அந்த 5 டன்னில் இருக்கிறது.

மாமா வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சமதளமான இடம், சுற்றிலும் பலகை, அடியில் வெள்ளைத் தார்ப்பாய், ரப்பர் குழாயில் தண்ணீர். மெஷின் எதுவும் இல்லை. ராத்திரி தொடர்ந்து மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரி என்று போகும் ஊரில் அந்த வேலையை வானம் பார்த்துவிடுகிறது. மனிதன் பனியை வாரி ஒதுக்கி, மேலே மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி மட்டம் செய்தால் போதும். ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு அவருடைய அப்பா பிரான்ட்ஃபோர்டில் வீட்டுக் கொல்லையில் தளம் போட்டுக் கொடுத்தது இப்படித்தான். அங்கேயும் குளிர் ஏமாற்றினால் கதை முடிந்தது. ஒட்டாவாவில் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு உறைகிற ரிடோ கால்வாய், 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூட ஸ்கேட்டிங்குக்குத் திறக்கவில்லை. நம் ஊரில் தை மாத விடியற்காலையிலும் 20 டிகிரிக்குப் பக்கம்தான். கொடைக்கானலில் போடலாமா என்று அடுத்த கடிதம் வரும். அங்கே புல்லில் வெள்ளை பூக்கும் உறைபனி வேறு, ஆள் நிற்கும் கனத்துக்குத் தண்ணீர் கட்டியாவது வேறு.

நான் 31 வருஷம் ஐஸ் கம்பெனியிலும் கோல்டு ஸ்டோரேஜிலும் வேலை பார்த்தவன். எங்கள் கம்பெனியில் 50 கிலோ ஐஸ் பார் ஒன்று உறைய ஒரு ராத்திரி முழுக்கப் பிடிக்கும். அதுவும் சுவருக்குள்ளே, மைனஸில் இருக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில், அமோனியா கம்ப்ரசர் நிற்காமல் ஓடி. அந்த பாரை உமியில் புதைத்து, சாக்கு சுற்றி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்றி அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் மூலையெல்லாம் மழுங்கி, வண்டியின் பின்பக்கம் சொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஏஜென்ட் அதே ஐஸை ஒன்றரை அங்குலத்துக்குத் தட்டி, 800 சதுர அடிக்கு விரித்து, சித்திரை வெயிலில் மூடி இல்லாமல் வைக்கப்போகிறார்.

இப்போது டன் கணக்கு. டன் என்றால் எடை என்று நினைக்க வேண்டாம். ஒரு டன் குளிர் என்பது நிற்காமல் மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும் சக்தி. உங்கள் இடம் 74 சதுர மீட்டர். மத்தியான வெயிலில் பாதியை ஐஸ் திருப்பி அனுப்பினாலும், மீதி வெயிலும் அனல் காற்றும் சேர்ந்து 60 கிலோவாட்டுக்கு மேல் உள்ளே இறக்கும். அதைத் தள்ள 18 டன்னாவது வேண்டும். அதாவது படுக்கையறையில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி பன்னிரண்டு.

சரி, 5 டன்னாவது 5 டன்னாக இருக்குமா? இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். சில்லர் மேல் ஒட்டியிருக்கும் டன், அது 7 டிகிரி தண்ணீர் கொடுக்கும்போது உள்ள டன். ஐஸ் கட்ட மைனஸ் 10 டிகிரியில் திரவம் ஓட வேண்டும். அந்தக் குளிருக்கு இறங்கும்போது அதே மெஷின் பாதிதான் தரும். வெளியே 40 டிகிரி அடித்தால் அதிலும் குறையும். ஆக உங்கள் கைக்கு வருவது இரண்டரை டன். தளத்துக்குப் பிடிக்கும் தண்ணீர் சுமார் 2,800 லிட்டர். வெயிலும் காற்றும் துளிகூடப் படவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதை உறைய வைக்க அந்த மெஷினுக்கு 40 மணி நேரம் ஆகும். வெயில் பட்டால் உறையவே உறையாது. ஜில்லென்று ஒரு குட்டை கிடைக்கும், கோழி வந்து குடிக்கும்.

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மைனஸ் 10-ல், வெளியே 42 டிகிரியில் எத்தனை டன் கொடுக்கும்? லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" அன்றோடு போன் வராது. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட ஆட்கள் கையில் இருக்கும் கம்ப்ரசர் எங்கோ மூடிய பால் குளிரூட்டும் இடத்தில் கழற்றியது. புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர். பெயின்டுக்கு அடியில் ஆணியால் கீறிப் பார்த்தால் பழைய கலர் தெரியும். பைப்பில் ஊற்றும் கிளைக்காலும் (மைனஸிலும் உறையாமல் ஓடும் திரவம்) லாரி ரேடியேட்டருக்கு வாங்கும் சரக்கு. இனிக்கும், விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும்.

கரண்டைப் பற்றி அவர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றிருப்பார். யார் பார்ப்பது? 18 டன்னை இந்த வேலைக்கு ஓட்ட நாளுக்கு 500 யூனிட் என்று குறைத்தே வைப்போம். இரண்டு மாதத்துக்கு 30,000 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் மூன்று லட்சம். இலவச 100 யூனிட் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்னால் லோடு ஏற்ற மனு போட வேண்டும். ஒரு கோல்டு ஸ்டோரேஜுக்காக நான் அலைந்தபோது எஸ்டிமேட் ஒரு மேஜையில், கையெழுத்து போடுகிறவர் லீவில், டிரான்ஸ்பார்மர் "வரும்". வாழைக்காய் வைக்கவே இந்தப் பாடு. பிள்ளை சறுக்கி விளையாட என்று எழுதிக் கொடுத்தால் சிரித்துவிட்டு அடியில் செருகிவிடுவார்கள்.

ஐஸ் வேண்டாம் என்றால் ஏஜென்ட் அடுத்த பையைத் திறப்பார்: பிளாஸ்டிக் ஐஸ். தண்ணீர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நிஜ ஐஸ் ஷூவிலேயே ஓடலாம். இது பொய் இல்லை, அதனால்தான் நின்று சொல்கிறேன். கெட்டியான பாலிஎத்திலீன் பலகைகளை ஒன்றோடொன்று கோத்துப் போடுவது. ஐஸைவிட இழுவை அதிகம், பிளேடு சீக்கிரம் மழுங்கும், ஆனாலும் கால் பழக உதவும். ஆனால் வெயிலில் போடவே கூடாது. விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் பலகை மத்தியானம் 55-க்குப் போகும். 40 அடி நீளத்தில் இரண்டு அங்குலம் நீளும். நீள இடமில்லை என்றால் நடுவில் அப்பளம் மாதிரி மேலே எழும்பி நிற்கும். சாயங்காலம் படுத்துவிடும், ஆனால் சேர்ந்த இடங்களில் பல்லிடுக்கு மாதிரி சந்து விழும், அதில் பிளேடு மாட்டும். அப்புறம் தூசி. நம் காற்றில் வரும் பொடி மணல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பிளேடைத் தின்னும். ஆகவே கூரையும் சுவரும் உள்ள அறையில், பத்துக்குப் பத்து, தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்க ஆள் உண்டு என்றால் வாங்குங்கள். கூரை மட்டும் போதாது, சுவரும் வேண்டும். தகரக் கொட்டகை கூரையில் சேராது, அடியில் அதுவே அடுப்பு.

உங்கள் மகளுக்கு என் யோசனை, இன்லைன் ரோலர் ஸ்கேட்டும் ஒரு நல்ல கான்கிரீட் தளமும். ஒரே வரிசையில் சக்கரம் இருப்பதால் கால் தள்ளுவதும் சாய்வதும் ஐஸுக்குக் கிட்டத்தட்ட அதே பழக்கம். இவ்வளவு பெரிய ஊரில் எத்தனையோ பிள்ளைகள் விடியற்காலை ரோட்டோரத்திலும் பாஸ்கெட்பால் கோர்ட்டிலும் இதைப் பழகுகிறார்கள். பேட்டைக்கு ஒரு தளம் போட ஒரு சின்னப் பாலத்தின் செலவுகூட ஆகாது. யாரிடம் சொல்வது?

மேல்மண்ணை வழித்துவிட்டு, கிராவல் போட்டு மெஷின் வைத்துத் தட்டுங்கள். மேலே பாலிதீன் விரித்து, கம்பி கட்டி, 4 அங்குல கனத்துக்கு எம் 25 தரக் கான்கிரீட். சுமார் இரண்டே முக்கால் யூனிட் (யூனிட் என்றால் இங்கே 100 கன அடி) பிடிக்கும். மழைத் தண்ணீர் ஓட, 20 அடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் ஒரே பக்கச் சரிவு. மறுநாளே பத்து அடிக்கு ஒரு கோடு மெஷினால் அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்துங்கள்.

கொத்தனார் பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போது சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒரு கை காய்ந்த சிமென்டைத் தூவித் தேய்ப்பார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆறு மாதத்தில் அந்தத் தோல் உரியும், சக்கரம் தட்டும், பிள்ளை விழும். பவர் டிராவல் மெஷின் வாடகைக்கு எடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

நிஜ ஐஸ் ஆசையும் தீர வேண்டும் என்றால் சிம்லாவில் 1920-லிருந்து திறந்தவெளியில் இயற்கையாக உறையும் தளம் இருக்கிறது. குளிர்கால லீவில் டிக்கெட் போடுங்கள், ஆறரை லட்சத்தில் ஒரு மூலைகூடக் கரையாது.

கொல்லையில் தென்னை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தளத்தை மரத்திலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள். குரும்பை ஒன்று சக்கரத்தில் மாட்டினால் போதும்.