கன்னியாகுமரி மாவட்ட முட்டம் கடற்கரைப் பாறையில் எடுத்த அலைப் படங்கள் போகப் போக வெளுப்பது ஏன்?

ஃபோகஸ் பிழை இல்லை, லென்ஸ் முன்கண்ணாடியில் உப்புப் படலம். முதல் பத்துப் படம் பளிச்சென்று வந்து, பிறகு ஒவ்வொன்றாக வெளுத்தது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முட்டத்தில் காற்று கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். மாலை வெயிலும் ஏறக்குறைய அதே பக்கம். படலத்தில் வெயில் பட்டால் பாறையின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும்.

செல்போன் டார்ச்சை லென்ஸுக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகளும் பிசுபிசுப்பும் தெரியும்.

1. உலர்ந்த துணியால் தேய்க்கவே வேண்டாம், காய்ந்த உப்பு லென்ஸின் மேற்பூச்சை (கோட்டிங்) கீறிவிடும்.
2. முதலில் புளோயர் (கையால் அமுக்கிக் காற்றூதும் ரப்பர் பம்பு). அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. கடைசியில் உலர்ந்த துணி.
3. பெரிய அலை எழும்வரை லென்ஸ் மூடியே இருக்கட்டும். சிதறும் துளிகளை உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 நொடி.

ஏசி அறையிலிருந்து நேரே வந்தாலும் லென்ஸ் பனிக்கும். ஆனால் அப்போது முதல் படங்கள் மங்கி, பின்னவை தெளியும்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள்: பாறை ஈரத்தில் கறுத்திருந்தால் அதுவரை அலை ஏறியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே நில்லுங்கள்.