இலையிலிருந்து நொதியைப் பிரித்தெடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: இலையை அரைத்த பத்தாவது நிமிடமே சாறு பழுப்பாகிவிடுகிறது. நொதியின் வேகமும் பாதியாகக் குறைகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அரைக்கிற இடத்தில்தான். இலைச் செல்லில் பீனால்கள் வேக்குவோலிலும் (செல்லின் சாற்றுப்பையிலும்), பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி பசுங்கணிகத்திலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. அரைத்ததும் இரண்டும் சேர்ந்து, பீனால் ஆக்ஸிஜனேற்றமாகி குயினோன் உண்டாகிறது. அது எதிர்ப்படும் புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். உங்கள் நொதியையும் சேர்த்துத்தான். அதற்கப்புறம் எந்தக் குரோமட்டோகிராபியாலும் (புரதங்களைப் பிரிக்கும் முறையாலும்) நொதியை மீட்க முடியாது.

ஆகவே, திரவ நைட்ரஜனில் இலையைப் பொடியாக்கி, பொடி இளகும் முன்பே குளிர்ந்த பஃபரில் (பிஎச் மாறாமல் தாங்கும் கரைசலில்) போடுங்கள். பீனாலை உறிஞ்ச, பிவிபிபி என்ற கரையாத பாலிமர் 1–2 சதவீதம் சேர்க்கலாம். குயினோனைத் திரும்பப் பீனாலாக்க அஸ்கார்பிக் அமிலம். ஆனால் பெராக்ஸிடேஸையோ பாலிபீனால் ஆக்ஸிடேஸையோ அளக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் முறை) செய்து அஸ்கார்பிக் அமிலத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நொதி தூங்குவதுபோலத் தெரியும்.

இன்னொன்று, வேக்குவோல் சாறு அமிலத்தன்மை உள்ளது. 10 மில்லிமோலார் பஃபர் அதைத் தாங்காது. 50 முதல் 100 மில்லிமோலார் வரை வையுங்கள். அரைத்த பிறகு பிஎச் அளக்கிறீர்களா? பெரும்பாலானோர் அளப்பதில்லை.

கேள்வி: பிஎம்எஸ்எஃப்-ஐ (புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுக்கும் வேதிப்பொருள்) காலையிலேயே பஃபரில் கலந்து வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரில் அது சிதைந்துபோகும். பிஎச் 8-இல், அறை வெப்பத்தில் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறத்தாழ பாதி போய்விடும். ஐசோபுரோப்பனாலில் கரைத்து வைத்துக்கொண்டு, அரைக்கும் நேரத்தில் பஃபரில் சேர்த்துக்கொள்ளுங்கள். நச்சு, கையுறை அவசியம்.

கேள்வி: எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களைத் துணையலகுகளாக்கி அளவுப்படி பிரிக்கும் ஜெல்) 55 கிலோடால்டனில் ஒரு தடித்த பட்டை, எத்தனை முறை சுத்திகரித்தும் போகவில்லை. என் நொதிதானா?

பதில்: ஆசைப்படாதீர்கள், அநேகமாக அது ரூபிஸ்கோ, ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்கும் நொதி! இலையில் கரையும் புரதத்தில் பாதிவரைகூட அதுவாக இருக்கும். 15 கிலோடால்டன் பக்கமும் ஒரு பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது அதன் சிறிய துணையலகு. முழு ரூபிஸ்கோ சுமார் 550 கிலோடால்டன். உங்கள் நொதி சிறியதாக இருந்தால் ஜெல் வடிப்பிலேயே (புரதங்களை முழு அளவின்படி பிரிக்கும் முறையிலேயே) பிரிந்துவிடும்.

கேள்வி: அமோனியம் சல்பேட் படிக்குப் பின் (உப்பால் புரதத்தை வீழ்படிவாக்கும் படி) நொதிச் செயலின் மீட்பு 140 சதவீதம் வருகிறது. கணக்குத் தப்பா?

பதில்: தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கச்சாச் சாற்றில் இருந்த தடுப்பான் அந்தப் படியில் கழன்றிருக்கலாம். சரிபார்க்க ஒரு வழி: சாற்றை இரு மடங்கு நீர்க்கச் செய்து அளந்து பாருங்கள். வேகம் சரியாகப் பாதியாகாமல் அதற்கு மேல் நின்றால் தடுப்பான் இருக்கிறது.

கேள்வி: கேஎம் (வேகம் உச்சத்தின் பாதியாக இருக்கும் தளப்பொருள் செறிவு) கணக்கிட லைன்வீவர்–பர்க் கோடு (வேகம், செறிவு இரண்டின் தலைகீழ் மதிப்புகளை வரையும் நேர்கோடு) போதுமா?

பதில்: படம் காட்ட மட்டும் போதும். தலைகீழாக்கும்போது குறைந்த செறிவில் உள்ள பிழைதான் பெருகி, கோட்டையே இழுத்துப்போகும். தலைகீழாக்காத மைக்கேலிஸ்–மென்டன் வேக–செறிவு வளைகோட்டிலேயே நேரடியாகப் பொருத்துங்கள். கேஎம்-இன் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்குவரை செறிவுகள் இருக்கட்டும்; தளப்பொருளில் பத்தில் ஒரு பங்கு தீர்வதற்குள் வேகத்தை எடுத்துவிடுங்கள்.